எம்.டி. ஆஸ்பத்திரியில் இருந்தால் பங்கு விலை என்ன ஆகும்?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: சேமிப்பில் பாதியை ஒரு சின்ன லிஸ்டெட் கம்பெனியில் போட்டிருக்கிறேன். அதன் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) ஐசியுவில் இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் மச்சினி சொல்கிறாள். கம்பெனி வாய் திறக்கவில்லை. இப்போதே விற்றுவிடலாமா? தலைமை அதிகாரிக்கு உடம்பு முடியவில்லை என்றால் பங்கு எவ்வளவு விழும்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். விற்காதீர்கள். விலை விழாது என்பதற்காகச் சொல்லவில்லை, சட்டம் இடம் தராது என்பதற்காகச் சொல்கிறேன். உள்தகவல் வணிகம் பற்றிப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொண்டுவந்த 2015 விதிகள் டைரக்டர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். விலையைப் பெரிதாகப் பாதிக்கக்கூடிய, வெளியே வராத தகவல் யார் கையில் இருந்தாலும் அவர் அந்த விதிப்படி 'இன்சைடர்'தான். ஒரே ஆளை நம்பி ஓடும் கம்பெனியில் அந்த ஆள் ஐசியுவில் இருப்பது அப்படிப்பட்ட தகவல் இல்லை என்று வாதாடுவது கஷ்டம். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு விற்றால், அதற்காகத்தான் விற்றீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். மேல் வரம்பு 25 கோடி அல்லது அடைந்த லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது. தப்பித்த நஷ்டத்தையும் கணக்குப் போட்டுக் கட்டச் சொல்ல முடியும். நீங்கள் விற்காமல் இன்னொருவருக்குச் சொன்னாலும் அது தனி மீறல், அதனால் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். உங்கள் மச்சினியிடமும் சொல்லுங்கள். நோயாளியைப் பற்றிய விஷயத்தை வெளியே சொன்னதற்கு அவர் வேலையே போகலாம்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு சில கம்பெனிகளுக்குச் செயலர் வேலை பார்ப்பவன் நான். போர்டு தீர்மானங்களை எழுதுவது, எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது பங்குச்சந்தைக்கு, அறிவிப்பு அனுப்புவது, இதெல்லாம் என் பிழைப்பு. அந்த நாற்காலியிலிருந்து பார்க்கும்போது, தலைவரின் நோய் என்ன என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அவர் நாளைக் காலை வரவில்லை என்றால் அந்த ஆபீசில் எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? விலை எவ்வளவு விழும் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இதற்கு நீளமான பாடம் ஆப்பிள் கம்பெனி. அதன் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் கட்டி இருப்பது 2003 அக்டோபரில் தெரிந்தது. பங்குதாரர்களுக்குத் தெரிந்ததோ 2004 ஆகஸ்டில், அறுவை சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு. அடுத்த வர்த்தக நாளில் விலை 2 சதவீதம் அளவில் சறுக்கியது, அவ்வளவுதான். உண்மையான ஆட்டம் 2008ல் தொடங்கியது. ஜாப்ஸ் மேடையில் மெலிந்து தெரிந்தார். கம்பெனி சரியாகப் பதில் சொல்லவில்லை. அக்டோபர் 3ஆம் தேதி, அவருக்கு மாரடைப்பு என்று ஒரு பொய்ச்செய்தி இணையத்தில் வந்ததும் பங்கு சட்டென்று விழுந்து, பொய் என்று தெரிந்ததும் எழுந்தது. யாரோ ஒருவர் தட்டிவிட்ட ஒரு வரிக்கு அவ்வளவு பெரிய கம்பெனி ஆடியது, உண்மை என்ன என்று யாருக்கும் தெரியாமல் இருந்ததால்தான்.

2009 ஜனவரி 5ஆம் தேதி, ஹார்மோன் கோளாறுதான், சிகிச்சை எளிது என்று ஜாப்ஸ் கடிதம் எழுதினார். பங்கு 4 சதவீதம் ஏறியது. ஒன்பதே நாளில், பிரச்சினை நினைத்ததைவிடச் சிக்கலானது, ஜூன் வரை மருத்துவ விடுப்பு என்று இன்னொரு கடிதம். வர்த்தக நேரத்துக்குப் பிந்தைய விற்பனையில் பலமான அடி, மறுநாள் முடிவில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் இறக்கம். அந்த விடுப்பின்போது அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அது வெளியே வந்தது ஜூனில், அதுவும் பத்திரிகை வழியாக. அப்போது பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், இப்படிப்பட்ட தலைவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை என்பது பங்குதாரர்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியத் தகவல் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2011 ஜனவரியில், அமெரிக்கச் சந்தை விடுமுறை நாளாகப் பார்த்து, மூன்றாவது விடுப்பை அறிவித்தார்கள். மறுநாள் இறக்கம் 2.25 சதவீதம். ஆகஸ்டில் ஜாப்ஸ் பதவியை விட்டார், 0.65 சதவீதம். அக்டோபர் 5ஆம் தேதி இறந்தார், மறுநாள் கால் சதவீதம்கூட இறங்கவில்லை. செய்தி மோசமாக மோசமாக இறக்கம் சின்னதாகிக்கொண்டே வந்தது. காரணம் ஜாப்ஸுக்கு அடுத்து வந்த டிம் குக். 2004, 2009, 2011 என்று மூன்று முறையும் கம்பெனியை அவர்தான் நடத்தினார். ஜாப்ஸ் இல்லாத ஆப்பிளுக்கு மூன்று ஒத்திகை நடந்திருந்தது, முதலீட்டாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருந்தார்கள்.

மெக்டொனால்ட்ஸ் ஒத்திகைக்கே நேரமில்லாமல் சமாளித்தது. 2004 ஏப்ரல் 19ஆம் தேதி அதன் தலைமை அதிகாரி ஜிம் கேன்டலுபோ மாரடைப்பில் திடீரென்று இறந்தார். சில மணி நேரத்தில் போர்டு கூடி சார்லி பெல்லை நியமித்தது. பங்கு இறக்கம் 3 சதவீதத்தைத் தொடவில்லை. அடுத்த மாதமே பெல்லுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதையும் அறிவித்தார்கள். நவம்பரில் அவர் விலக, ஜிம் ஸ்கின்னர் வந்தார். ஒரே வருடத்தில் மூன்று தலைவர்கள், இருந்தும் கம்பெனி தடம் புரளவில்லை.

இதற்கு நேரெதிர் சிஎஸ்எக்ஸ் என்ற அமெரிக்க ரயில் கம்பெனி. ஹன்டர் ஹாரிசன் தலைமைக்கு வரப்போகிறார் என்ற செய்திக்கே 2017 ஜனவரியில் அதன் பங்கு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதாவது அவர் ஒரு ஆளுக்கு மார்க்கெட் அவ்வளவு விலை போட்டது. அவர் உடல்நிலை பற்றிய கேள்விகள் அப்போதே இருந்தன. டிசம்பர் 14ஆம் தேதி மருத்துவ விடுப்பு என்றார்கள், மறுநாள் 7 சதவீதத்துக்கு மேல் இறக்கம், அதற்கடுத்த நாள் அவர் இறந்துவிட்டார். ஒரு ஆளுக்காக ஏறிய விலை அந்த ஆளோடு இறங்கத்தான் செய்யும். இதில் புகார் சொல்ல ஒன்றுமில்லை, வாங்கும்போதே தெரிந்த கதை.

ஃபியட் கிரைஸ்லர் என்ற கார் கம்பெனி விஷயம் வேறு. அதன் தலைமை அதிகாரி செர்ஜியோ மார்க்கியோனே 2018 ஜூலை 25ஆம் தேதி ஜூரிக்கில் இறந்தார். அதற்கு நான்கு நாள் முன்புதான் அவர் இடத்துக்கு மைக் மேன்லியை அவசரமாக அமர்த்தியிருந்தார்கள். இறந்த அன்றே காலாண்டு முடிவும் மோசமாக வர, பங்கு 15 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. இதில் நோயின் பங்கு எவ்வளவு, லாபக் குறைவின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் அடுத்த நாள் ஆஸ்பத்திரி சொன்னதுதான் எல்லோரையும் நிமிர வைத்தது: ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் அங்கே தீவிர நோய்க்குச் சிகிச்சை எடுத்துவந்தார். தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றது கம்பெனி. போர்டுக்கே தெரியாத விஷயத்தை எந்தச் சட்டம் வெளியே கொண்டுவரும்?

எதிர்ப்பக்கத்தில் பஃபெட்டின் சொந்தக் கதை. 2012 ஏப்ரலில் தனக்கு முதல் நிலை புராஸ்டேட் புற்றுநோய் என்று, சிகிச்சை எப்போது, எத்தனை மாதம், பயணம் செய்ய முடியுமா என்பது வரை தன் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கம்பெனியின் பங்குதாரர்களுக்கு அவரே எழுதினார். பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டிச் சறுக்கியதோடு சரி. வயது அப்போது 81.

தலைவருக்கு உடம்பு முடியவில்லை என்று விலை ஏறியதும் உண்டு. சொன்னால் மனிதத்தன்மை இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் நடந்தது அதுதான். 2014 மே மாதம் சாம்சங் குழுமத் தலைவர் லீ குன்-ஹீக்கு மாரடைப்பு வந்த அடுத்த வர்த்தக நாளில் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் 4 சதவீதம் அளவுக்கு ஏறியது. வாரிசு மாற்றத்துக்காகக் குழும அமைப்பைச் சீர்செய்வார்கள், டிவிடெண்ட் கூடும் என்ற கணக்கு. 2020ல் அவர் இறந்தபோதும் குழுமத்தின் இன்னொரு கம்பெனியான சாம்சங் சி&டி பங்கு ஒரே நாளில் 13 சதவீதம் ஏறியது. நிறுவனர்கள் திடீரென்று இறக்கும்போது பங்கு விலை ஏறும் போக்கு இருப்பதாக 1985லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் போனால் மார்க்கெட் மூச்சு விடுகிறது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விலையை விடுங்கள், தொழில் உண்மையிலேயே பாதிக்கிறதா? டென்மார்க் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும் கம்பெனிக் கணக்குகளையும் சேர்த்துவைத்துப் பார்த்து, 2020ல் ஒரு ஆய்வு வெளியானது. தலைமை அதிகாரி ஆஸ்பத்திரியில் படுத்தால் லாபமும் முதலீடும் குறைகின்றன. குடும்பக் கம்பெனிகளிலும், வளர்ந்துகொண்டிருக்கும் கம்பெனிகளிலும், தலைவர் இளையவராக இருக்கும் இடங்களிலும் அடி அதிகம். மற்ற மேலதிகாரிகள் படுத்தால் அப்படி ஒரு பாதிப்பு தெரியவில்லை. நீங்கள் வைத்திருக்கும் பங்கு குடும்பக் கம்பெனியா என்று முதலில் பாருங்கள். சின்ன லிஸ்டெட் கம்பெனி என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இந்தியாவில் கம்பெனி எப்போது சொல்லியாக வேண்டும்? 2023 ஜூலையிலிருந்து செபியின் லிஸ்டிங் விதிகளில் ஒரு புதிய ஷரத்து இருக்கிறது. எம்.டி. அல்லது சி.இ.ஓ. உடல்நலக் குறைவாலோ வேறு காரணத்தாலோ, எந்தத் தொடர்ச்சியான 90 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 45 நாளுக்கு மேல் வழக்கமாகப் பொறுப்பைப் பார்க்க முடியாமல் போனால், காரணத்தோடு எக்ஸ்சேஞ்சுக்கு அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் தலைவரின் உடல்நலத்துக்கென்று இப்படி ஒரு தனி விதி கிடையாது. அந்த அளவில் நாம் ஒரு படி முன்னால்தான். ஆனால் 45 நாள் என்பது நீளம். அதுவரை கம்பெனி இந்த ஷரத்தின்படி மௌனமாக இருக்கலாம். படுக்கையிலிருந்தே வீடியோவில் போர்டு மீட்டிங்கில் பத்து நிமிடம் தலைகாட்டினால், அவர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று வாதாடவும் இடமிருக்கிறது. நோயாளியின் அந்தரங்கம் என்று ஒன்று இருப்பதையும் நான் மறுக்கவில்லை. மருத்துவ ஃபைலை எக்ஸ்சேஞ்சில் ஏற்றச் சொல்லி விதியும் கேட்கவில்லை. மருத்துவ விடுப்பு, இத்தனை காலம், பொறுப்பில் இன்னார் என்று மூன்று வரி போதும். அந்த மூன்று வரியை எழுதத்தான் பல கம்பெனிகளுக்குக் கை வருவதில்லை.

வதந்திக்கு 24 மணி நேரத்தில் பதில் சொல்லும் கட்டாயம் சந்தை மதிப்பில் முதல் 250 இடத்தில் உள்ள கம்பெனிகளுக்குத்தான். உங்கள் சின்னக் கம்பெனி அதில் வராது. தலைமைப் பதவி காலியானால் மூன்று மாதத்தில் நிரப்ப வேண்டும், வாரிசுத் திட்டம் இருக்கிறதா என்று போர்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்ற விதிகளும் உண்டு. மிகச் சிறிய கம்பெனிகளுக்கு அதிலும் விலக்கு இருக்கிறது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே விதி தளர்வு, என்ன செய்வது.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலி என்எல்சி லிஸ்டெட் கம்பெனி, மத்திய அரசின் கையில் 70 சதவீதத்துக்கு மேல். அதன் தலைவர் நாளைக்கு மூன்று மாதம் விடுப்பில் போனால் பங்கு அசையுமா? ஒரு டைரக்டரிடம் கூடுதல் பொறுப்பு போகும், டெல்லியில் ஆள் தேடுவார்கள், நிலக்கரி வெட்டுவது பாட்டுக்கு நடக்கும். அங்கே விலையை ஆட்டுவது மின்கட்டண உத்தரவு, சுரங்கத்தில் தேங்கும் மழைநீர், நிலம் எடுப்புப் பிரச்சினை. எந்தத் தலைவர் என்பது கேள்வியே இல்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை வைத்திருக்கும் ஈஐடி பாரி முருகப்பா குழுமத்துடையது. குடும்பத்துக்குச் சொந்தம் என்றாலும், அன்றாட நிர்வாகத்துக்குத் தனியாகத் தொழில்முறை ஆட்களை அமர்த்திப் பழகிய குழுமம்.

இவர்களுக்கு எதிர்க்கோடியில் இருப்பது, சிப்காட், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் நான் பார்க்கும் ஒற்றைக் கையெழுத்துக் கம்பெனிகள். ஒரு முதலாளிக்கு பைபாஸ் நடந்த வாரத்தில் சம்பளம் போட முடியவில்லை. பேங்கில் பணம் இருந்தது. நெட்பேங்கிங் ஓடிபி வரும் செல்போன் அவர் மனைவியின் பையில், சார்ஜ் தீர்ந்து கிடந்தது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர் மேசையின் பூட்டிய டிராயரில். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி தாண்டியது. பெரிய கடனுக்கு அவருடைய தனிப்பட்ட ஜாமீன், அதனால் பேங்க் மேனேஜர் நலம் விசாரிக்க வந்த சாக்கில் வாரிசு யார் என்றும் விசாரித்துவிட்டுப் போனார். அது லிஸ்டெட் கம்பெனி இல்லை, தப்பித்தது. லிஸ்டெட் கம்பெனியாக இருந்திருந்தால் இதெல்லாம் விலையில் வந்திருக்கும்.

நாற்காலியில் யார் என்பதோடு, பங்கு யார் பெயரில் போகும் என்பதும் உண்டு. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். திருபாய் அம்பானிக்கு 1986லேயே பக்கவாதம் வந்தது, மகன்கள் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்கள், கம்பெனி நன்றாகவே ஓடியது. 2002 ஜூலையில் உயில் எழுதாமல் அவர் இறந்தார். நிர்வாகத்தில் ஒரு நாளும் இடைவெளி இல்லை. ஆனால் சொத்து யாருக்கு என்ற சண்டை 2004ல் வெளியே வெடித்து, 2005 ஜூனில் அம்மா கோகிலாபென் முன்னிலையில் குழுமம் இரண்டாகப் பிரிந்தது. கடலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பாக்கெட் ஷாம்புவைக் கொண்டுவந்த சின்னி கிருஷ்ணன் மறைந்த பிறகு, குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983ல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தொடங்கியதுதான் பிற்பாடு கெவின்கேர் ஆனது. பிரிந்தவர் ஜெயித்தது நமக்குப் பெருமை. தாய்க் கம்பெனியில் பணம் போட்டவர் பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் கம்பெனிக்கு வருவோம். ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள், அதைப் படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கடன் பற்றிய குறிப்பில் 'டைரக்டரின் தனிப்பட்ட ஜாமீன்' என்று இருக்கிறதா? காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் ப்ரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, எவ்வளவு பங்கை அடமானம் வைத்திருக்கிறார்? எம்.டி.க்கு 70 வயது தாண்டியிருந்தால் அவரைத் தொடரவைக்க 75 சதவீத ஓட்டோடு சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். அதற்கான விளக்கக் குறிப்பில் அவரை விட்டால் ஆளில்லை என்ற தொனி இருந்தால், அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். கிரிசில், இக்ரா, கேர் போன்றவை கடனுக்குத் தரமிடும்போது எழுதும் விளக்கம் இலவசமாகவே கிடைக்கும். அடுத்த தலைமுறை தொழிலுக்கு வந்துவிட்டதா என்பதைப் பல சமயம் அதில் எழுதியிருப்பார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவுவது கான்கால் எழுத்துப்படி. காலாண்டு முடிவுக்குப் பிறகு ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடன் பற்றிக் கேட்டாலும் எம்.டி., எந்திரம் பற்றிக் கேட்டாலும் எம்.டி., நிதித் தலைவரான சி.எஃப்.ஓ. வணக்கம் சொன்னதோடு சரி என்றால், உங்கள் பணம் ஒரு ஆளின் ரத்த அழுத்தத்தை நம்பி இருக்கிறது. சில கம்பெனிகள் முக்கியமான ஆளின் உயிருக்குக் கம்பெனி பெயரில் கீமேன் இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்லும். பணம் வரும், நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் சப்ளையரிடம் பேசாது.

சின்னப் பங்குகளில் இன்னொரு தொல்லை. ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் விலை மாறக்கூடாது என்ற வரம்புள்ள பங்கில் கெட்ட செய்தி வந்தால், காலையிலேயே அந்தக் கீழ் வரம்பில், அதாவது லோயர் சர்க்யூட்டில், பூட்டிக்கொள்ளும், வாங்க ஆளே இருக்காது. நான்கு நாள் அப்படிப் போனால் 100 ரூபாய் 81 ரூபாய் 45 காசு ஆகிவிடும், நீங்கள் ஒரு பங்கைக்கூட விற்றிருக்க மாட்டீர்கள். இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. சேமிப்பில் பாதியை அப்படி ஒரு பங்கில் வைத்ததுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. எம்.டி.க்கு உடம்பு நன்றாக இருந்த நாளிலும் அது பிரச்சினைதான். இந்தத் தகவல் காதில் விழுவதற்கு முன்பே குறைத்திருக்க வேண்டும். இப்போது அது வெளியே வரும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. விற்கவும் கூடாது, விலை இறங்கும்போது வாங்கி 'சராசரி' பண்ணுகிறேன் என்று வாங்கவும் கூடாது.

அறிவிப்பு வந்த அன்று விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எக்ஸ்சேஞ்சில் ஏற்றிய கடிதத்தையே திறந்து படியுங்கள். இடைக்காலப் பொறுப்பில் யார் என்று பெயர் இருக்கிறதா? அந்த ஆள் கான்காலில் பேசியவரா, ஆண்டறிக்கையில் உள்ளவரா, இல்லை மூன்று மாதம் முன்பு போர்டில் சேர்ந்த மகனா? விடுப்புக்குக் காலவரை சொல்லியிருக்கிறார்களா? பழக்கமான பெயரும் காலவரையும் இருந்தால் முதல் நாள் கூட்டத்தோடு சேர்ந்து விற்க நான் சொல்ல மாட்டேன். பாதியிலிருந்து கால் பங்குக்கு, சில வாரங்களில் நிதானமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பெயரே இல்லாமல், 'அன்றாடப் பணிகள் பாதிக்கப்படவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், அதோடு கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீனும் இருந்தால், கிடைக்கிற விலைக்கு வெளியே வருவதுதான் என் யோசனை. அந்த ஜாமீன் வரி உங்கள் கம்பெனியின் போன வருட அறிக்கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.